ஜெசிந்தாவின் கம்பிச் சுருள்

"நைனா, பிரிக்காத. நாளைக்கு பொன்னேரில எக்ஸிபிஷன்."

சின்னப்பன் காதில் வாங்கவே இல்லை. பிளாஸ்டிக் குழாயின் மேல் மகள் ஜெசிந்தா வரிவரியாகச் சுற்றியிருந்த செப்புக் கம்பியைப் பரபரவென்று அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பிளஸ் டூ இயற்பியலுக்காக அவள் செய்த கருவி அது. சுவிட்சைத் தட்டினால் போதும், கம்பிச் சுருள் காந்தமாகி, குழாய்க்குள் வைத்த ஆணியை இழுத்து எதிர்ச்சுவர் வரை எறியும். நேற்று அதைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு ராக்கெட்டே உடுவா" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவனும் இவன்தான். கம்பிக்கு வழியில்லாமல் அவள் அழுதபோது, எங்கிருந்தோ கொண்டுவந்து மடியில் போட்டவனும் இவன்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கவலை எதற்கு என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

கால் ஒடிந்த பிறகு சின்னப்பன் கடலுக்குப் போவதில்லை. மீனவர் கூடத்துக்குக் காவல் இருந்தான். படகு இப்போது மகன் மூர்த்தி கையில். இன்று விடியலிலேயே போயிருந்தான்.

மத்தியானம் காற்று சட்டென்று திரும்பியது. காலமில்லாத காலத்தில் அப்படியொரு காற்று. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது என்று ஆட்கள் கரைக்கு ஓடினார்கள். கூடத்துக்குப் போகவேண்டிய சின்னப்பன் நேரே வீட்டுக்குள் நுழைந்து கம்பியில் கை வைத்துவிட்டான். பைத்தியம் பிடித்துவிட்டதா இந்த மனுஷனுக்கு என்று ஜெசிந்தாவுக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு தசரதன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சின்னப்பா, கூடத்து சைரன இன்னும் ஏன் ஊதல? சத்தம் கேட்டாதான் போட்டுங்க வெளியவே நிக்கும். கேக்கலனா முகத்துவாரம் நல்லா கீதுனு நெனச்சி எல்லாம் உள்ள வந்துடும். உம் புள்ள போட்டுதான் முன்னால வருது."

சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் ஓடினார்.

ஜெசிந்தாவுக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கம்பிய அப்புறமா பிரி நைனா. என் ப்ராஜெக்ட் போனா போவட்டும். மொதல்ல போயி சைரன ஊது."

சின்னப்பன் அவிழ்த்த கம்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மழைக்கு முன்னாடி வேற போட்டுடலாம்னு இருந்தேன்மா," என்றான். "இது அந்த சைரன் மோட்டார்ல இருந்த கம்பி."