அத்தான் மாதிரி ஒரு கொலைகாரன்

பிற்பகல் வெயில் திரைச்சீலை இடுக்கு வழியாக டிவியின் மேல் கோடாக விழுகிறது. பழைய துப்பறியும் தொடர் மறுபடியும் ஓடுகிறது. அதை எழுதியவர் சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் இரவு ஷிப்டிலேயே இருந்த அத்தான், இன்றைக்குத்தான் இதை முதல்முறையாகப் பார்க்கிறார். திரையில் மருந்துக்கடைக்காரன், எதைக் கேட்டாலும் "அது வந்து... அது வந்து..." என்று இழுத்தபடி காது மடலைத் தடவுகிறான். "அப்பா, அப்படியே உங்கள மாதிரி," என்று மகள் சிரிக்கிறாள். அத்தானுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்மளையும் டிவியில ஏத்திட்டீங்களே, மாப்பிள்ளை."

கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மருந்துக்கடைக்காரனைக் கைகாட்டுகிறார். "இவனோட ஒவ்வொரு பொய்யும் 'அது வந்து'ன்னுதான் ஆரம்பிக்குது. முதுகெலும்பு இல்லாதவன் இப்படித்தான் பேசுவான்." அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்காமல், மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடிக்கிறாள். "டீ போடட்டுமாப்பா?" என்கிறாள் மகள். அத்தான் வாயைத் திறந்து, மூடி, தலையை மட்டும் ஆட்டுகிறார். அணைத்துவிடலாம் என்று எழுதியவர் ரிமோட்டுக்குக் கை நீட்டுகிறார். அத்தான் அதை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.

"இருங்க மாப்பிள்ளை, உங்க பேரு வரட்டும்."