வண்டி பார்க்க வந்தவர்கள்

மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த விஸ்வநாத்துக்கு அந்த ஜோடியைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

கேட்டுக்கு வெளியே மர நிழலில் நிறுத்தியிருந்த அவருடைய பழைய பைக்கின் அருகே அவன் குந்தி உட்கார்ந்து இன்ஜினை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஹெல்மெட்டோடு அவள் பக்கத்தில் நின்று, மறு கையால் பெட்ரோல் டேங்க்கைத் தடவிப் பார்த்தாள்.

"வேதா, வந்துட்டாங்க. காபி போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டுச் சாவியோடு இறங்கினார். இதுவரை வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்டார்கள். இரண்டு பேரையுமே அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. குடும்பமாக வருகிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று இப்போது ஒரு நம்பிக்கை.

"நேத்து ஃபோன்ல பேசினது நான்தான் சார். சௌம்யா. குகட்பள்ளியிலேருந்து வரேன்."

"ஊரோட அந்தக் கோடியிலேருந்து இங்கே உப்பல் வரைக்குமா? ரொம்ப சந்தோஷம்மா."

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார். முதல்ல சத்தத்தைக் கேக்கணும்."

விஸ்வநாத் சாவியை அவன் பக்கம் நீட்டினார். அவன் எழுந்து, சோக்கை இழுத்து, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினான். பதினெட்டு வருஷமாக ஓட்டும் விஸ்வநாத்துக்கே மூன்று உதை வேண்டும்.

"கொஞ்சம் சூடாகட்டும். ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறேன்" என்றான், குறிப்பாக யாரைப் பார்த்தும் இல்லாமல். விஸ்வநாத் தலையை ஆட்டினார். சௌம்யாவும் ஆட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பியது.

"ஹெல்மெட் போடாமப் போறாரேம்மா?"

"நீங்க சொல்லக் கூடாதா சார்?"

பெண்டாட்டி பேச்சு எடுபடாத வீடு போலிருக்கிறது என்று விஸ்வநாத் நினைத்துக்கொண்டார். "வரட்டும், சொல்றேன். ஆமா, புதுசா ஓட்டுறவங்களுக்குன்னு ஃபோன்ல சொன்னியே, இப்பத்தான் ஓட்டப் பழகுறாரா?"

"ஓட்டுறதைப் பார்த்தா அப்படித் தெரியலையே!" என்று அவள் சிரித்தாள்.

மாடிக்கு அழைத்துப் போய் பால்கனியில் நாற்காலி போட்டார். வேதா மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தாள். உட்கார்ந்ததும் சௌம்யா கேள்விகளை ஆரம்பித்தாள்.

"புதுசா ஓட்டுறவங்க முதல்லயே பழைய வண்டி வாங்கலாமா சார்? பாதிப் பேர் வாங்குங்கறாங்க. பாதிப் பேர், நடுரோட்ல நின்னு தள்ளிட்டு வரணும்னு பயமுறுத்துறாங்க."

"புது வண்டியில முதல் கீறல் விழுற அன்னிக்குச் சோறு இறங்காதும்மா. இதுல எது புதுக் கீறல், எது பழைய கீறல்னு உனக்கே தெரியாது."

"பொய் சொல்லி விக்காதீங்க" என்று வேதா குறுக்கே புகுந்தாள். "டிசம்பர் மாசம் காலையில இவர் உதைக்கிற உதையில தெருவே எழுந்துக்கும். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் வெளிய வந்து, 'பைக்கை எழுப்புங்க அங்கிள், எங்களையும் ஏன் எழுப்புறீங்க'ன்னு கேட்டுட்டாங்க."

சௌம்யா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை.

"பிரேக் எப்படி சார்?"

"டிஸ்க் எல்லாம் கிடையாது, ரெண்டும் டிரம். கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்கணும். அவசரக்காரங்களுக்கு இது ஆகாதும்மா. பொறுமையா ஓட்டினா எங்கேயும் கைவிடாது."

"கீழ சாஞ்சா தனியா நிமிர்த்த முடியுமா?"

"லேசான வண்டி. நீயே நிமிர்த்திடுவே."

"பதினஞ்சு வருஷம் தாண்டிடுச்சே, ஆர்.சி.?"

"புதுப்பிச்சு வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை."

விஸ்வநாத் அசந்துபோனார். ஃபோன் பண்ணுவது, வண்டி பார்க்க வருவது, துருவித் துருவிக் கேட்பது எல்லாம் மனைவி. ஓட்டுவது மட்டும் புருஷன். அவர் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன, இந்தப் பதினெட்டு வருஷத்தில் வேதா ஒரு நாள்கூட 'பிரேக் எப்படி' என்று கேட்டதில்லை.

புருஷன்மேல் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிற பெண்ணுக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. இவர்கள் வீட்டுக்குப் போனால் வண்டி நன்றாக இருக்கும்.

மூன்றாவது டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. "வந்ததும் சூடு பண்ணித் தரேன்" என்று வேதா அதை உள்ளே எடுத்துப்போனாள்.

சௌம்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முடிவு பண்ணிட்டேன் சார். இந்த வண்டியையே எடுத்துக்கறேன்."

விஸ்வநாத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்மா. எதுக்கும் உன் வீட்டுக்காரர் வரட்டும். அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"அவருக்கு இன்னிக்குப் பட்டான்செருல பகல் ஷிஃப்ட் சார், வீட்டுக்கு வரவே ராத்திரி ஆகும். ஓட்டப்போறது நான்தானே, அவரை எதுக்குக் கேக்கணும்?"

விஸ்வநாத் மெதுவாக எழுந்து தெருவைப் பார்த்தார். தெருமுனை வரை வெயில் மட்டும்தான் இருந்தது.

"அப்போ... வண்டியை எடுத்துட்டுப் போனாரே, அவர் யாரும்மா?"

சௌம்யாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவர் உங்க பையன் இல்லையா சார்?"