மலைக்குப் போன ஓடிபி

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழில்மதி தன் செல்லில் நோயாளிகளின் மருத்துவப் பதிவுச் செயலியை மறுபடியும் திறக்கிறாள். கட்டிலில் காய்ச்சலில் நடுங்குகிறார் சின்னராசு. வெட்டுப்பட்ட கால் வீங்கிப் பளபளக்கிறது. போன மாதம் மலை ஆஸ்பத்திரியில் ஏதோ ஊசி போட்டதும் அவருக்கு மூச்சுத் திணறியதாம். எந்த ஊசி என்பது செயலிக்குள் இருக்கிறது. திறக்க ஓடிபி வேண்டும். அது மலையில் அவர் மகளிடம் இருக்கும் போனுக்குப் போகிறது. "டவருக்காகப் பாறை மேல நின்னுக்கினு இருக்கா, பேசுங்கம்மா" என்று அவர் மனைவி பாப்பாத்தி இரவல் போனை நீட்டுகிறாள். "நாலு... ஏழு..." மகளின் குரல் அறுந்துபோகிறது. செயலித் திரையில் சிவப்பெழுத்து: நேரம் முடிந்தது. "இன்னா எழவு இது!" எழில்மதி தன் செல்லை மேசையில் எறிகிறாள். டாக்டர் சொன்ன வேறு மருந்தில் ஒரு துளியை, ஒவ்வாமைச் சோதனைக்காக அவர் முன்கைத் தோலில் ஏற்றுகிறாள். தோல் தடிக்கிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.