கிருமிக்கும் ஓர் ஆதார்

“ஏனுங்க நர்ஸம்மா, எம்பட ஊட்டுக்காரரு கண்ணு அங்க அழுகிக்கிட்டுக் கெடக்குது. இந்த மகராசி இங்க சொகமாப் பாட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்குதுங்களே!”

அத்தாயி போட்ட சத்தத்தில் சேலத்துக் கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் சுகன்யா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, இது லேப். இங்கெல்லாம் சத்தம் போடக் கூடாது.”

“போடாம என்ன பண்றதுங்க? அவரு கண்ணுல சொரண்டி எடுத்ததை இங்கதான் பரிசோதனைக்குக் குடுத்திருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? பாருங்க லட்சணத்தை!”

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்குக்கூடப் போடாத அறையில், ஓர் இளம்பெண் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இரண்டு காதிலும் ஒயர். முகத்தில் அப்படியொரு லயிப்பு. அத்தாயி கையை ஆட்டினாள்; முறைத்தாள்; விரலை நீட்டி மிரட்டியும் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் நேராக இந்தப் பக்கம்தான் இருந்தது. இருந்தும் அவள் கொஞ்சமாவது கண்டுகொள்ள வேண்டுமே!

“என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!” என்று பொருமினாள் அத்தாயி.

அத்தாயிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வெற்றிலைச் சந்தையில் அவள் பேரம் பேச வந்தால் வியாபாரிகள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் அன்றைக்கு அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கணவர் தீர்த்தகிரி நாமக்கல்லில் லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு வந்தவர் சும்மா இருக்காமல், பரமத்தி வேலூரில் மைத்துனர் தோட்டத்தில் கரும்புச் சோகை உரிக்கப் போனார். காய்ந்த சோகை இலை கண்ணைக் கீறியது. எரிச்சல் தாங்காமல் வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவினார். வினை அங்கேதான் பிடித்தது.

பூஞ்சை என்று சொல்லி மருந்து ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற, கருவிழியில் வெள்ளைதான் பரவியது. அன்று காலையில் டாக்டர் நவநீதகிருஷ்ணன், “இன்னும் பரவினா கண்ணையே எடுக்க வேண்டி வரும்” என்று சொல்லிவிட்டார். கண் போனால் ஸ்டியரிங்கும் போய்விடும். ஸ்டியரிங் இல்லாத தீர்த்தகிரியை அத்தாயியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“அக்கா, அவங்க மைதிலி மேடம். அவங்களுக்கு…” என்று சுகன்யா ஆரம்பித்தபோதே வார்டிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அத்தாயியையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் டாக்டர் சொட்டு மருந்தை மாற்றினார். ஏன் என்று கேட்கிற தெம்புகூட அத்தாயிக்கு இல்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் தீர்த்தகிரி நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவில் நின்ற லாரியின் நம்பரை மளமளவென்று படித்தார். அத்தாயி அழுதாள், சிரித்தாள், டாக்டரின் காலில் விழப் போனாள்.

“எந்திரிங்கம்மா. நானே ஏமாந்தவன்தான். மைக்ராஸ்கோப்புல பார்த்தா அச்சு அசல் பூஞ்சை. ஆனா அது பூஞ்சையே இல்லை. பூஞ்சை வேஷம் போட்ட வேற கிருமி. பூஞ்சை மருந்துக்கு அது மசியாது. கண்ணால் காண்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க?”

“அப்புறம் எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கடையில வாங்கற சோப்பு அட்டையில கோடு கோடாப் போட்டிருக்கும் பாருங்க. மெஷின்ல காட்டினாப் பேரைச் சொல்லிடும். அது மாதிரி ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஓர் எழுத்து வரிசை இருக்கு. அதுல ஒரு துண்டைப் படிச்சு, தெரிஞ்ச கிருமிகளோட எழுத்தோட ஒத்துப் பார்த்தா, ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.”

“அப்பக் கிருமிக்கும் ஆதார் கார்டு இருக்குதுன்னு சொல்லுங்க!”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அதேதான். அதுலயும் கம்ப்யூட்டர் ரெண்டு பெயரைச் சொல்லிக் குழப்பிடுச்சு. சோறு தண்ணி இல்லாம உக்காந்து, எழுத்து எழுத்தா ஒத்துப் பார்த்து, ‘இவன்தான் சார்’னு அடிச்சுச் சொன்னது எங்க லேப் மைதிலி.”

அத்தாயிக்குத் திக்கென்றது. “எந்த மைதிலிங்க? காதுல ஒயரு மாட்டியிருக்குமே, அந்தப் புள்ளைங்களா?”

“அவங்களேதான்.”

அவமானம் பிடுங்கித் தின்றது. டாக்டருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். இன்றும் அறையில் விளக்கில்லை. கதவைத் திறந்ததும் மைதிலி காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள்.

“அம்மணி, டிரைவர் தீர்த்தகிரி சம்சாரமுங்க நானு. அன்னைக்கு உங்களைக் கண்டபடி பேசிப்போட்டேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு வெரல நீட்டி மெரட்டினேன். மனசுல வெச்சுக்காதீங்க சாமி!”

“மிரட்டினீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதேக்கா!” மைதிலி சிரித்தபடி எழுந்தாள்.

“உங்களுக்குப் பெரிய மனசுங்க. பாட்டுக் கேட்டாத்தான் வேலை ஓடும்னா நல்லாக் கேளுங்க, ஆரு கேக்கறது? இந்தாங்க, எம்பட தம்பி தோட்டத்துப் பூவன். வாங்கிக்கோங்க.”

மைதிலியின் கை நீண்டது. சீப்பு இருந்த பக்கம் அல்ல. ஒரு முழம் தள்ளி, வெறுங்காற்றில் அது பழத்தைத் துழாவியது.

“என் கையில வெச்சுடுங்கக்கா,” என்றாள் மைதிலி. “அன்னைக்கு நான் கேட்டது பாட்டில்லை, அந்தக் கிருமியோட எழுத்து. எனக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்தான் படிச்சுக் காட்டணும்.”