பொத்தான் இடுக்கில் சந்தனம்

திரை ஒரு நொடி வெளுத்தது. சுலோசனா நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். உடனே திரை கறுத்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"ஆறாவது தடவ," என்றார் சேகரன். "விடு சுலோ. பழைய மிஷின். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்."

கம்ப்யூட்டர் எழும்பாததில் கணவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருப்பதாக அவளுக்குப் பட்டது. போன் எப்போதும் அவர் சட்டைப் பையில். ஆனால் அதே எண்ணின் வாட்ஸப் இந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். தீபா என்ற பெயரை அதில் ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டால் போதும்.

தீபா, சேகரனின் சாமராஜநகர் ஆபீஸுக்கு ஆடியில் மாற்றலாகி வந்தவள். மைசூரிலிருந்து தினமும் இருவருக்கும் ஒரே பஸ். அவள் வந்த பிறகுதான் சேகரனின் சாப்பாட்டு டப்பா பாதி நிறைந்தே வீடு திரும்புகிறது.

"உன் கடையில சர்வீஸ் பண்ணி வாங்குனதுதானே தம்பி," என்றாள் சுலோசனா, தரையில் உட்கார்ந்திருந்த விஜய்குமாரிடம். "முழுசா ஒரு மாசம்கூட ஆகலியே."

விஜய்குமாருக்கு மண்டி மொஹல்லாவில் கடை. "ஸ்வல்ப இருங்கக்கா, பாத்துடறேன்," என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தான். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினான். கொண்டுவந்திருந்த வேறு பவர் சப்ளையைப் பொருத்திப் பார்த்தான். எழும்பியது, விழுந்தது.

கடைசியில் அவன் விரல் பெட்டியின் முன்பக்கம் போய் நின்றது.

"ரீஸ்டார்ட் பொத்தான் பாதி அமுங்கியே நிக்குதுக்கா. ஃபேன் சுத்துற அதிர்வுல ஒட்டி ஒட்டி விடுது. யாரோ அதை அமுக்கிட்டே இருக்கிற மாதிரி."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் பொத்தானின் இடுக்கைச் சுரண்டினான். விரித்திருந்த செய்தித்தாளில் மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. எடுத்து முகர்ந்தான்.

"சந்தனம்க்கா. குங்குமமும் இருக்கு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சிருப்பீங்க. ஈரத்துல உள்ள இறங்கி, காஞ்சு கல்லாயிடுச்சு."

"இந்த வருஷம் இந்த வீட்ல பூஜையே இல்லை," என்றாள் சுலோசனா.

மாமனார் வைகாசியில் தவறியிருந்தார். வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. ஸ்கூட்டருக்குக்கூட ஒரு பூ வைக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தசரா லீவு விட்டதும், அது முடிகிறவரை ஹனூரில் அம்மா வீட்டில் இருந்தாள். இங்கே சேகரன் மட்டும்.

அவள் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, பொட்டு வெச்சது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? போன வருஷத்துதா இருக்கும்."

"போன வருஷத்துப் பொட்டு இத்தன மாசம் சும்மா இருந்துட்டு இப்பத்தான் வேலையக் காட்டுச்சாக்கும்."

விஜய்குமார் ஏதோ ஞாபகம் வந்தவனாகத் தலையைத் தூக்கினான். "அக்கா, ஒரு நிமிஷம்..."

"நீ வேலையப் பாரு தம்பி." அவள் பார்வை சேகரனை விட்டு நகரவில்லை. "நீங்க சாமி ரூம் பக்கமே போகமாட்டீங்க. சந்தனக் கிண்ணம் எந்த அலமாரியில இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? நானும் ஊர்ல இருந்தேன். அப்ப வெச்சது யாருங்க?"

வாட்ஸப்பில் நாலு வரி கண்ணில் பட்டிருந்தால்கூட அவள் இவ்வளவு எரிந்திருக்கமாட்டாள். தன் வீட்டுப் பொருளுக்கு இன்னொருத்தி பொட்டு வைப்பதா? கூடத்தையும் அலமாரியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இன்னும் எதையெல்லாம் தொட்டிருப்பாளோ.

"வந்தமா, போனமான்னு இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லை. வீட்டுக்காரியாட்டப் பூஜை பண்ணிட்டுப் போயிருக்கறா."

"யாரு?"

"அதை நீங்கதான் சொல்லோணும்."

"சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றான் விஜய்குமார்.

"நீ சும்மா இருப்பா," என்றார் சேகரன், அவன் முகத்தைப் பார்க்காமலே. ஃபேனுக்குக் கீழேயும் அவருக்கு வேர்த்திருந்தது.

"ஒரே ஒரு தடவதான் வந்தா சுலோ. ஆபீஸ் பூஜையில குடுத்த பொரியக் கொண்டாந்து குடுக்க."

"ஒரு தடவ."

"மூணு தடவ இருக்கும்."

சுலோசனா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது சேகரனை இன்னும் பயமுறுத்தியது.

"ஆனா பொட்டெல்லாம் வெக்கலை. செத்துப்போன எங்கப்பா மேல சத்தியம். சாமி ரூமை எட்டிக்கூடப் பாக்கலை. ரசம் வெச்சா, ரெண்டு பேரும் சாப்பிட்டோம். எட்டு மணிக்குள்ள கெளம்பிப் போயிடுவா. அவ்வளவுதான்."

சுலோசனா எழுந்தாள். உள்ளே போனாள். பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு பீரோ திறக்கும் சத்தம்.

விஜய்குமார் பொத்தானைத் துடைத்து மாட்டி, சுவிட்சைப் போட்டான். திரை வெளுத்து, நீலமாகி, அப்படியே நின்றது. சேகரன் அதைப் பார்க்கவே இல்லை. படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ சொல்ல வந்தேன் சார், நீங்க விடலை," என்று விஜய்குமார் குரலைத் தாழ்த்தினான். "பூஜை அன்னிக்கு இந்தப் பெட்டி எங்க கடையிலதான் இருந்துச்சு. பொட்டு வெச்சது நான்."