ஏழாம் நம்பர் டிஸ்க்

"அழிய மாட்டேங்குது அண்ணா!"

சர்வர் அறையே அதிரக் கத்தினாள் ஆராய்ச்சி மாணவி.

சர்வர்களைக் கவனிப்பவர் நிமிரவே இல்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. "டூல்ல ஏதோ கோளாறு. விடும்மா."

விடுகிற ஆளா அவள்? டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அந்த லினக்ஸ் டூலை, சோர்ஸ் கோடிலிருந்து மறுபடி பில்ட் செய்தாள். அதற்குத் தேவையான லைப்ரரி ஃபைல் ஒன்று இல்லை என்று முரண்டு பிடித்தது. அதையும் தேடிப் போட்டாள். மற்ற டிஸ்க்குகளில் பழைய டேட்டா ஒழுங்காக அழிந்தது. ஏழாம் நம்பருக்கு மட்டும் 'அனுமதி இல்லை'.

டூலின் சோர்ஸ் கோடை வரி வரியாகத் துழாவினாள். சிக்கியது.

"கோளாறா இது? 'ஏழாம் நம்பரைத் தொடாதே'ன்னு ஒரு வரி இருக்கு. நீங்க செருகினதுதானே?"

"ஆமா."

"ரெண்டு வருஷத்துக்கு மேல எந்த டேட்டாவும் இருக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு விதி கொண்டுவந்தவ நான். என் ரூம்மேட்டோட உழைப்பு மொத்தமும் போச்சு. அழுதவகிட்ட, 'விதின்னா விதிதான்டி'ன்னேன். இங்க யாருக்குச் சலுகை? புரொபசர் மச்சானுக்கா?"

"கத்தாதேம்மா. வெளிய கேட்கும்."

"கேட்கட்டும்! அதுக்குத்தான் கதவைத் திறந்தே வச்சிருக்கேன்!"

அந்த வரியைத் தூக்கினாள். பில்ட் செய்தாள். இம்முறை டூல் பணிவாகக் கேட்டது: 'ஏழாம் நம்பரை அழிக்கவா?'

என்டர் மேல் அவள் விரல் போவதற்குள், கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார் அவர்.

"உன் முதல் வருஷ ஆராய்ச்சி டேட்டாவைத் தினம் திறந்து பார்க்கிறியே, அதுக்கு என்ன வயசு? மூணு வருஷம். அது எந்த டிஸ்க்ல இருக்குன்னு நினைச்சே?"

அவள் ஏழாம் நம்பர் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உன்னோடது அழியற முறை வந்துச்சு. உன் ரூம்மேட்தான் ஓடி வந்து கெஞ்சினா. 'என்னோடது போனது போகட்டும், அவளோடதாவது இருக்கட்டும் அண்ணா'ன்னு."

திரையில் டூல் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"கீபோர்டைக் கொடுங்கண்ணா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "அந்த வரியைத் திரும்பப் போட்டுடறேன்."