பிறகு வா

அம்மா சொல்லச் சொல்ல ஜெனிலா தட்டச்சு செய்த கடிதம், ஆறு வருடங்களுக்கு முன் தன் விருப்பப்படி மணந்துகொண்டு போன அக்காவின் அலுவலக முகவரியில் போய் நின்றது. அதை அனுப்பியது பழைய கணினியில் ஜெனிலாவே நிறுவிய மின்னஞ்சல் சர்வர். அனுப்புநர் முகவரிக்கு வீட்டின் பெயரையே வைத்திருந்தாள். எல்லா அமைப்புகளையும் சரிபார்த்துவிட்டாள், பிழை இல்லை. திரையில் ஒரே பதில்: இப்போது இல்லை, பிறகு வா.

"என்னட்டி, போச்சா?"

"இல்லம்மா. அவங்க சர்வருக்கு நம்மளத் தெரியாது. புது ஆளு வந்தா மொதல்ல திருப்பி விட்டுரும். களவாணிக் கடிதம்னா அதோட போயிரும். நெசமா வந்ததுன்னா மறுபடியும் வரும்லா, அதுக்காக."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஒரு தடவதான் வந்தா," என்றாள். "நாந்தான் கதவத் தெறக்கல்ல."

பதினைந்து நிமிடம் கழித்து சர்வர் தானாகவே மறுபடி போய்க் கேட்டது. புதிய வரி ஒன்று விழுந்தது: பெற்றுக்கொள்ளப்பட்டது.

"வாசிப்பாளாட்டி?"

"தெரியலம்மா."

"வாசிக்கல்லன்னா நாளைக்கும் எழுதுவோம்," என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தாள்.